கோடு போட்ட மருந்துத் தட்டு

எனக்கு மறதி கிடையாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வாய்க்கொழுப்பு அடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில்.

அங்கே நாலு வருசம் வெடிமருந்துத் தட்டுகளைக் காயவைக்கும் மேடையில் வேலை பார்த்தேன். ஈரத் தட்டைத் தரையோடு இழுக்கலாம். காய்ந்ததை இரண்டு பேராக அலுங்காமல் தூக்க வேண்டும். உரசினால் ஆள் மிஞ்சாது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதனால்தான் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் தட்டின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு. பிறகு, கூலி கூட என்று நானும் என்னோடு வேலை பார்த்த மதினியும் வேறு கம்பெனிக்குப் போனோம். அங்கேயும் கோடுதான், ஆனால் அர்த்தம் தலைகீழ். முதல் மாதம் திண்டாடினேன். அப்புறம் கை பழகிவிட்டது.

ஒரு வருசம் கழித்து, தீபாவளி சீசனுக்கு ஆள் போதாமல் பழைய கம்பெனியில் கூப்பிட்டார்கள். பழகின ஆட்கள்தானே என்று யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பிப் போன முதல் நாள் மத்தியானம் ஒரு தட்டை இழுக்கும்போது விளிம்பிலிருந்து துளி மருந்து பொடியாக உதிர்ந்தது. ஈரம் உதிராதே! கையை எடுத்துவிட்டேன். இங்கே கோடு என்றால் ஈரமா, காய்ந்ததா? யோசிக்க யோசிக்கப் புதுக் கம்பெனி மேடைதான் கண்ணுக்குள் வந்தது. நாலு வருசப் பழக்கத்தை ஒரு வருசப் பழக்கம் மூடிவிட்டது. சுத்தமாக மறந்திருந்தால்கூடத் தேவலை, காலையிலேயே கேட்டிருப்பேன்.

எதிரே தட்டின் மறுமுனையைப் பிடித்தபடி மதினி. வீட்டில் அவருக்கு மூன்று பிள்ளைகள்.

"மதினி, இங்கன கோடு போட்டா ஈரமா, காஞ்சதா? சொல்லுங்க."

அவர் முகம் வெளுத்துப்போனது. "ஏத்தா, என்னயவா கேக்குற? எனக்கு ரெண்டும் கொளம்பிப்போச்சு. ஒனக்குத்தான் மறக்காதேன்னு, நீ இழுத்தா இழுக்கேன், நீ தூக்குனா தூக்குறேன்."

வேலை போனால் போகட்டும் என்று மேஸ்திரியிடம் ஓடினேன். கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"கோடு போட்டது காஞ்சது. நாலு வருசம் இருந்த பிள்ளைக்கு இதுகூடவா மறந்துபோச்சு?" என்று சிரித்தார்.

காலையிலிருந்து நாங்கள் தரையோடு இழுத்தது எல்லாமே கோடு போட்ட தட்டுகள்.