யமுனா தண்ணீர் குடிக்கக் கற்றது

மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பட்டுச் சேலைப் பிரிவில் யமுனா நிற்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று நாம் சொல்வோம். கடைப் பெண்கள் அப்படிச் சொல்வதில்லை. "நான் முதல்ல காட்டன்ல நின்னேன், இப்ப பட்டுல நிக்கிறேன்" என்பார்கள். விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்த பிறகு ஸ்டூல்கள் வந்தன. அவற்றின் மேல் மடித்த சேலைகள் உட்கார்ந்திருக்கின்றன.

பெண்களுக்கான கழிவறை மேல்மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போக வேண்டுமானால் மேற்பார்வையாளரிடம் சொல்லவேண்டும். அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் பக்கத்தில் சேலை பார்க்கும் ஆண்களுக்கும் கேட்கும். இருபது சேலையை விரித்துப் போட்டுவிட்டு, முகூர்த்தச் சேலையின் முந்தானை எப்படி இருக்கிறது என்று ஒரு குடும்பமே பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நகரவும் முடியாது. அதனால் கடைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் பஸ் ஏறுவதற்கு முன் அரை டம்ளர் காப்பி, மத்தியானம் சாப்பாட்டோடு இரண்டு மடக்கு. இடையில் தொண்டை காய்ந்தால் கன்னத்தில் ஒரு துண்டு நெல்லி வற்றலை ஒதுக்கிக்கொள்வார்கள். வாயில் நீர் ஊறும், பேச்சு வரும், வேறெதுவும் வராது.

இதை யமுனாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவளுடைய அக்கா ஆனந்தவள்ளி. அக்கா பக்கத்து கவுண்டரில், கல்யாணப் பட்டில் நின்றாள். நெல்லி வற்றல் வைக்க ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா அவளிடம் உண்டு. இருவருக்கும் அது ஒன்றுதான். வாடிக்கையாளர் கவனிக்காத நேரம் பார்த்துக் கண்ணாடி மேஜையின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொள்வார்கள்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள். குடலில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள். தை பிறப்பதற்குள் அக்கா இல்லை. டப்பா யமுனாவிடம் வந்தது.

யமுனாவின் புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகளை முசிறியில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறாள். வெளிக்குப் போவது அவளுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை, ஐந்து நாளைக்கு ஒருமுறை என்று எப்போதோ ஆகிவிட்டது. அதை ஒரு நோயாக அவள் நினைத்ததில்லை. இந்தச் சித்திரையில் மலத்தில் சிவப்பைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

கடையில் இதற்குச் 'சூடு' என்று பெயர். நின்றே இருப்பதால் உடம்பில் ஏறும் சூடு. வெந்தயத்தை மோரில் ஊறவைத்து விழுங்க வேண்டும், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். யமுனா இரண்டையும் செய்தாள். செய்தும் நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் சில வருஷங்களுக்கு முன் அக்காவும் இதே சிவப்பைத்தான் வந்து சொன்னாள். யமுனாதான் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள்.

அக்காவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டதா என்பதைத் தவிர அந்த நாட்களில் அவள் மனதில் வேறொன்றும் இல்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி அக்காவின் முடிவுக்குத் தொடக்கமாக இருந்தது. குழாய் விட்டுப் பார்க்கும்வரை அக்கா நடமாடிக்கொண்டிருந்தாள் என்றே யமுனாவின் மனம் கணக்குப் போட்டது.

அந்தச் சமயத்தில் மகன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஒரு அம்மாள், தில்லைநகரில் ஒரு இயற்கை மருத்துவ நிலையத்தில் குடலைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள் என்று சொன்னாள். "கத்தி கிடையாது, மருந்து கிடையாது. பின்பக்கமா வெதுவெதுன்னு தண்ணி விட்டு எடுத்துடுவாங்க. உள்ள எல்லாம் பூ மாதிரி ஆயிடும்." யமுனா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கழுவிவிட்டால் சிவப்பும் போய்விடும். போய்விட்டால் அது சூடுதான்.

அக்காவின் புருஷன் பிச்சமுத்து மன்னார்புரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். "மலச்சிக்கல் மாமா, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அவரை வரச்சொன்னாள். அவர் வந்து காவேரிப் பாலத்தைத் தாண்டிக் கூட்டிப்போனார்.

நிலையத்தில் முன்பே போனில் சொல்லியிருந்தார்கள்: எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், பழம், கஞ்சி மட்டும் போதும், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வரவேண்டும். யமுனா எல்லாவற்றையும் செய்தாள், தண்ணீரைத் தவிர. ஒரு வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர் குடிக்காமல் கிளம்புவதுதான் அவளுக்குத் தெரிந்த ஆயத்தம். வயிறு சுருங்கி, நாக்கு காய்ந்து, நெல்லி வற்றலைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நன்றாகவே தயாராகி வந்திருப்பதாக நினைத்துப் போய் உட்கார்ந்தாள்.

அங்கே சிகிச்சை செய்யும் பெண்ணின் பெயர் அல்ஷிஃபா. பாலக்கரைக்காரி. தோலைக் கிள்ளிப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள்.

"வாயில என்னக்கா?"

"நெல்லி."

"துப்புங்க. காலையில எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"ஒரு சொட்டு குடிக்கலம்மா. காலியா வந்திருக்கேன்."

அல்ஷிஃபா சிரித்துவிட்டாள். "வறுத்த கடலை மாதிரி வந்திருக்கீங்க. வயலே வெடிச்சுக் கிடந்தா மேலாப்புல விடுற தண்ணி நிக்குமா? இன்னைக்குப் பண்ண முடியாதுக்கா. வீட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சுப் பழகிட்டு அடுத்த வாரம் வாங்க."

"பழகணுமா? தண்ணி குடிக்கவா?"

"ஆமா. நீங்க மறந்துட்டீங்க."

அந்த வாரம் யமுனா தண்ணீர் குடிக்கக் கற்றாள். அது எளிதாக இல்லை. இரண்டாவது டம்ளரில் தொண்டை மூடிக்கொள்ளும். குமட்டும். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அறையில் ஒரு சொம்பை எதிரே வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோலத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டாள். மத்தியானமானால் பிச்சமுத்து போன் செய்வார்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் மாமா."

"எவ்வளவு?"

"குடிச்சேன்னு சொல்றேன்ல."

"உங்கக்காவும் இப்படித்தான். கேட்டா எரிஞ்சு விழுவா."

அவர் அதற்கு மேல் பேசமாட்டார். அக்கா போன பிறகு அவர் யாருக்கும் போன் செய்து இவள் பார்த்ததில்லை. இப்போது தினமும் செய்தார்.

அடுத்த வாரம் நிலையத்தின் டாக்டர் அம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். சர்க்கரை உண்டா, இருதயத்தில் கோளாறு உண்டா, மலத்தில் ரத்தம் போகிறதா, வீட்டில் யாருக்காவது குடல் வியாதி இருந்ததா. யமுனா எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றாள். பிச்சமுத்து வெளியே ஆட்டோவில் இருந்தார்.

இடது பக்கமாகப் படுக்க வைத்து, விரல் அளவு குழாயைச் செருகி, மெதுவாக மல்லாக்கத் திருப்பினார்கள். மேலே ஒரு போர்வை. வெதுவெதுப்பான தண்ணீர் உள்ளே வருவது, வயிற்றுக்குள் யாரோ கைவைப்பதுபோல இருந்தது. அல்ஷிஃபா அடிவயிற்றை வட்டமாகத் தடவிக்கொண்டே பேசினாள்.

"நிரம்பினதும் விடுங்கக்கா. குழாய்லதான் போகும், கீழ ஒண்ணும் சிந்தாது. விடுங்க."

யமுனா விட நினைத்தாள். முடியவில்லை. அவளையும் மீறி உடம்பு இறுக்கிக்கொண்டது. நெற்றியில் வேர்த்தது.

"ஏன்க்கா பிடிச்சு வைக்கிறீங்க? யாரும் பார்க்கல."

"நான் பிடிக்கலம்மா. அதுவா பிடிக்குது."

வெகுநேரம் அப்படியே போனது. தண்ணீரை நிறுத்துவதும் விடுவதுமாக அல்ஷிஃபா பொறுமையாக இருந்தாள். கடைசியில் ஏதோ ஒரு கணத்தில் உடம்பு தளர்ந்தது. கூடவே அழுகையும் வந்தது. அல்ஷிஃபா அதைப் பார்க்காததுபோல இருந்தாள். பலர் அங்கே அழுவார்கள்.

பிறகு தடவிக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணாடிக் குழாயில் வெளியேறும் தண்ணீரை அல்ஷிஃபா குனிந்து பார்த்தாள். தண்ணீரை மூடினாள்.

"அக்கா, இதுக்கு முன்னாடி ரத்தம் போயிருக்கா?"

யமுனா விட்டத்தைப் பார்த்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா உங்களை இந்த ரூமுக்குள்ளயே விட்டிருக்க மாட்டோம்" என்றாள் அல்ஷிஃபா. குரலில் கோபம் இருந்தது. கை மட்டும் பதறாமல் குழாயை எடுத்தது. "இது கழுவுற விஷயம் இல்லக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப்போடாதீங்க, நல்லா இருப்பீங்க, இன்ஷா அல்லாஹ்." வெளியே வந்து ஆட்டோவில் இருந்த பிச்சமுத்துவிடமும் அதையே சொன்னாள்.

திரும்பும்போது யமுனா சோர்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்துக்கு வேண்டாம் என்று பிச்சமுத்து மன்னார்புரத்தில் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். தள்ளுபடி முடிந்த மறுநாள் கடை அலமாரிபோல வயிறு வெறுமையாக இருந்தது. இடையிடையே சுருட்டிப் பிடித்தது. பிச்சமுத்து இளநீர் வாங்கிவந்தார். நொய்க்கஞ்சி வைத்தார். ஒரு வேளை நீர்த்திருக்கும், மறு வேளை அடிபிடிக்கும். அக்காவின் போட்டோவுக்குக் கீழே பாய் விரித்து அவள் படுத்திருந்தாள்.

இரண்டாம் நாள் கஞ்சியை வைத்துவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்தார்.

"எதுக்கு மறைச்ச?"

அவள் கஞ்சியைக் கிளறினாள்.

"ஆஸ்பத்திரி வராண்டால நான் உட்கார்ந்திருந்தேன், நீயும் பக்கத்துல உட்கார்ந்திருந்த. எல்லாத்தையும் பார்த்துட்டும் மறைச்சிருக்க."

"பயமா இருந்துச்சு மாமா."

"எனக்கு இருக்காதா? இன்னொருத்தியையும் தூக்கிட்டுப் போகணுமா நான்?"

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்கு வர ஒப்புக்கொண்டாள்.

குழாய் விடுவதற்கு முன் குடிக்க ஒரு பேதிப் பொடி கொடுத்தார்கள். பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரில் கரைத்து, டம்ளர் டம்ளராகக் குடிக்கவேண்டும். அக்கா இதைக் குடிக்க முடியாமல் பாதியை வாந்தியெடுத்தது யமுனாவுக்கு நினைவிருந்தது. இவள் நிறுத்தாமல் குடித்தாள். பிச்சமுத்து வாய்பிளந்து பார்த்தார்.

"உன்னை முக்கொம்புல விட்டா கல்லணைக்குத் தண்ணி போகாது" என்றார். அக்கா இறந்த பிறகு அந்த வீட்டில் இருவரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

உள்ளே ஒரு சின்ன வளர்ச்சி இருந்தது. பார்த்த கையோடு அதை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்தது. டாக்டர் இளைஞர்; நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம் அவருக்கு.

"சரியான நேரத்துல வந்தீங்கம்மா. இப்படியே சில வருஷம் விட்டிருந்தா புற்றா மாறியிருக்கும். பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்குது. கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் சிக்கல். யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

யமுனா கும்பிட்டாள். வெளியே வந்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். அதே வராண்டா. தனக்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்குள் இறங்குவதற்கு முன் வேறொன்று இறங்கிவிட்டது. அக்காவும் ஒருநாள் இதே கட்டத்தில் இருந்திருக்கிறாள். எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பக்கூடிய நாள் ஒன்று அவளுக்கும் இருந்தது. அந்த நாளில் அவள் கல்யாணப் பட்டில் நின்றாள். வாயில் நெல்லி வற்றல் இருந்தது; வெந்தயம் மோரில் ஊறிக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் ஏறியதும் பிச்சமுத்து வண்டியைக் கிளப்பவில்லை. டாக்டர் சொன்னதை அவரும் கேட்டிருந்தார்.

"யமுனா, அவளுக்கு முன்னாடியே எதாச்சும் இருந்துச்சா? என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. உன்கிட்ட சொன்னாளா?"

இல்லை என்று சொல்லலாம். அந்த வார்த்தை அவளுக்குப் பழகியதுதான். டாக்டர் அம்மாளிடம் எத்தனை முறை சொன்னாள்.

"சொன்னா மாமா. சில வருஷம் இருக்கும். சூடுன்னு நினைச்சோம். நான்தான் வெந்தயம் குடுத்தேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பினார். பாலத்தின் மேல் காற்று அடித்தது. அம்மா மண்டபம் ரோட்டில் அவளை இறக்கி, பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

யமுனா மறுபடியும் பட்டில் நிற்கிறாள். கவுண்டருக்குக் கீழே ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறாள். மேல்மாடிக்குப் போகவேண்டியபோது மேற்பார்வையாளரிடம் எல்லோருக்கும் கேட்கவே சொல்லிவிட்டுப் போகிறாள். டப்பாவை அவள் தூக்கிப் போடவில்லை, திறக்கவும் இல்லை.

கடையில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது லாக்கரிலிருந்து எடுத்துப் பார்க்கிறாள். முன்பு அந்த நேரத்தில்தான் பிச்சமுத்து கூப்பிடுவார். சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கிறாள். இன்னொன்று ஊற்றிக்கொண்டு, மணி அடிக்கும்வரை காத்திருக்கிறாள். அடிப்பது கடை மணிதான்.