வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்த வான்

என் கணவரின் அண்ணனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. முயன்று பார்க்கும் எண்ணமும் இல்லை.

தவணை கட்டாததால் எங்கள் வான் வண்டியைக் கடன் தந்த லீசிங்காரர் இழுத்துக்கொண்டு போய், சாவகச்சேரிக்குக் கிட்ட வேலியடைத்த ஒரு வளவுக்குள் விட்டிருந்தார்கள். ஏலத்தில் விற்கப் போவதாகத் தகவல் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வான். அதை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. நகைகளை அடகு வைத்தேன். கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் கெஞ்சி மிச்சத்தை வாங்கினேன். கணவரோ ஏலத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். தன் வானைத் தானே விலை கேட்க வெட்கமாம். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடக்கட்டும் என்று நான் புறப்பட்டேன். துணைக்குத் தன் அண்ணனை அனுப்பிவைத்தார்.

வளவில் பாதிப்பேர் வாகனம் வாங்கி விற்கும் புரோக்கர்மார். ஈவிரக்கமில்லாத கூட்டம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வாகனத்தைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் வந்து அதில் கைவைத்தபடி நின்றால், அவருக்கு எதிராக யாரும் விலையை ஏற்றமாட்டார்கள். கோப்பாய்ப் புரோக்கர் ஒருவர்தான் என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னார்.

“வானைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ தங்கச்சி. நாங்கள் ஒருத்தரும் கேக்கமாட்டம்.”

வெயிலில் கொதித்துக் கிடந்த தகரத்தில் கையை வைத்தேன். மைத்துனரும் பக்கத்தில் வந்து தன் கையை வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துணைக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் விலை கேட்டேன். புரோக்கர்மார் வாயைத் திறக்கவில்லை. மைத்துனர் கூட்டிக் கேட்டார். ஏதோ குழம்பிப்போய்க் கேட்கிறார் என்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். நான் கூட்ட, அவரும் கூட்டினார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஒரே வீட்டு ஆட்கள் தங்களுக்குள் பேசி முடிக்காமல் வந்துவிட்டார்கள் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கையில் இருந்தது அதோடு சரி. எங்களுக்காக அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதால், வான் அவருக்கு மலிவாகப் போனது.

காசைக் கட்டி எடுத்த அன்றே அதை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வெளியாளிடம் போயிருந்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று என்னிடமே கேட்டார். பிறகு சாவியைத் தன் தம்பியிடம் நீட்டினார்.

“சம்பளத்துக்கு நீயே வானை ஓடன். வேறை ஆளை ஏன் பிடிப்பான்?”

தம்பியின் வயிற்றில் அடித்தவன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அயலெல்லாம் கேட்கட்டும் என்றே கத்தினேன். இந்தச் சாவியைத் தொட்டால் நான் இந்த வீட்டில் சமைக்கமாட்டேன் என்று கணவரிடமும் சொன்னேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.

“காலமை எத்தினை மணிக்கு வரோணும் அண்ணை?” என்று கேட்டார்.