வெடிப்பு பார்த்த படகு

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் ஒருநாள் ஒரு படகின் அடிப்பாகத்தோடு மல்லுக்கட்டிப் பார்க்க வேண்டும்.

மலையாள நாட்டில், வேளிக் காயலோரம் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறவன் நான். வீடிருக்கும் கரமனையில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பொறுமை தீர்ந்துவிடும். மீதியை அந்த வேகப்படகு தின்றது. ஓட்டமெடுத்ததும் தண்ணீர் பக்கவாட்டில் ஏறி, உட்கார்ந்திருப்பவர்களைத் தொப்பலாக நனைக்கும். படகும் எழும்பாமல் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு திணறும். "இனியும் நனஞ்ஞால் மோல்டு பொளிச்சோ" என்று முதலாளி மலையாளத்தில் சொல்லிவிட்டார். அச்சையே உடைத்துவிடு என்று அர்த்தம். அது நான் முதன்முதலாக வரைந்த படகு. உடைக்க விடுவேனா?

அடியில் இருபுறமும் நீளவாக்கில் பட்டையாக ரெயில் வைத்தேன். ஏறி வரும் தண்ணீரை அது கீழே திருப்பி வீச வேண்டும். அந்த உதையில் படகும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். சூட்சுமம் முழுக்க விளிம்பில்தான். கூராக இருந்தால் தண்ணீர் அங்கேயே அறுந்து விழும். மழுங்கினால் போச்சு. விளிம்பில்லாத டம்ளரில் காப்பி ஆற்றினால் வெளிப்பக்கமாகவே வழிந்து வேட்டியில் கொட்டுமே, அதே கதை.

வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள் நான் லீவு. திருநெல்வேலியிலிருந்து புதிதாக ஃபைபர் வேலைக்கு வந்திருந்த அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, ரெயில் விளிம்பு வெடிப்பு பாத்துக்கோங்கோ."

"சரி சார், பாத்துருதேன்."

மறுநாள் முதலாளியே முன்னால் உட்கார்ந்தார். வேகமெடுத்ததும் அவர் முகத்தில் பளாரென்று ஒரு குடம் காயல். கரைக்கு வந்து துடைத்துக்கொண்டே "மதி" என்றார். போதுமாம். காரில் ஏறிப் போய்விட்டார்.

படகைக் கரையேற்றி அடியில் தடவிப் பார்த்தேன். ரெயில் விளிம்பு முழுக்க சோப்புக்கட்டி மாதிரி உருண்டு வழவழவென்று இருந்தது.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேள் அண்ணாச்சி!"

"நீங்கதான சார் வெடிப்பு பாக்கச் சொன்னிய? தேடுதேன் தேடுதேன், ஒரு கீறல்கூடத் தட்டுப்படல. சார் சொன்னா இருக்கும்லான்னு முழுசுக்கும் பட்டி வச்சு உப்புத்தாள் போட்டுட்டேன்."

கர்மம்! இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டுத் தமிழில் வெடிப்பு என்றால் சுத்தம், கச்சிதம். மலையாளத்திலிருந்து வந்த அர்த்தம் அது. பேசிப் பேசி எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவருக்கு வெடிப்பு என்றால் விரிசல். யாரைத் திட்டுவது? திட்ட ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அதுதான் பொல்லாதது.

அரத்தை எடுத்தேன். அவரும் ஒன்றை எடுத்தார். பூசிய பட்டியைச் சுரண்டிச் சுரண்டி, பொழுது சாய்வதற்குள் வலப்பக்கத்தைத்தான் கூராக்க முடிந்தது. படகோட்டும் டிரைவரைக் கெஞ்சிப் படகை மறுபடி இறக்கினோம். வலப்பக்கம் உட்கார்ந்த அண்ணாச்சியின் சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. இடப்பக்கம் உட்கார்ந்த நான் சொட்டச் சொட்ட நனைந்தேன். அதை அப்படியே வீடியோ எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டு, போனை முறைத்துக்கொண்டு நின்றேன். அச்சு பிழைக்குமா, பிழைக்காதா?

அவர் குரலிலேயே பதில் வந்தது. அண்ணாச்சியும் காதைக் கொடுத்தார்.

"மோல்டு பொளிக்கண்டா. மற்றே சைடும் வெடிப்பாக்கிக்கோ."

அச்சை உடைக்க வேண்டாமாம்; எனக்கு மூச்சு வந்தது. அண்ணாச்சி கையிலிருந்த அரத்தைப் பார்த்தார், பட்டி டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இது எந்த வெடிப்பு?"