குழிக்குள் பாதியில் நின்ற பேச்சு

திரவ நைட்ரஜன் முதன்முதலாகத் தொட்டிக்குள் இறங்கும்போது ஒரு சத்தம் வரும்... சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல 'சுர்ர்ர்' என்று. உள்ளே போவதோ மைனஸ் நூற்றித் தொண்ணூற்றாறு டிகிரி. சத்தம் மட்டும் அடுப்படிச் சத்தம்!

எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி. அந்தக் குளிரையும் அழுத்தத்தையும் தாங்கும் எஃகுத் தொட்டிகள் செய்வோம். டிப்ளமா முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, டெஸ்டிங் செக்‌ஷனில். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் தலையெல்லாம் புழுதி.

தொட்டியை மூடுவதுதான் பெரிய தலைவலி. சாதாரணச் சூட்டில் இறுக்கி மூடி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் ஒரு குமிழ்கூட வராது. குளிர் ஏறியதும் மூடி, போல்ட், நடுவே வைக்கும் கேஸ்கட் எல்லாம் ஆளுக்கொரு அளவில் சுருங்கும். எங்காவது கசியும். ரப்பர் கேஸ்கட் என்றால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். அதனால் டெஃப்லான் போட்டு, குளிர்ந்த பிறகு இன்னொரு முறை போல்ட்டை இறுக்குவோம்.

அதைச் செய்பவர் தாஸ் அண்ணன். எர்ணாவூர்க்காரர், ஃபிட்டர். அவருடைய தம்பி சேகர் அங்கேயே வெல்டர்.

அன்று அடிப்பக்கத்து மூடி கசிந்தது. உயரமான தொட்டி என்பதால் நெஞ்சளவு ஆழக் குழியில் நிறுத்தியிருந்தோம். வெளியே மழை, ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, ஸ்பேனரோடு அண்ணன் குழிக்குள் இறங்கினார். முழங்கால் வரை, கசிந்த குளிரில் எழுந்த வெள்ளைப் புகை. எங்களுக்குப் பழகிப்போன புகைதான். நான் மேலே நின்று அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசாமல் வேலை செய்ய அவருக்கு வராது.

"காலீல காசிமேட்டாண்ட போனேம்மா. வஞ்சிரம் இன்னா வெலன்னு கேட்டா, அந்த மீங்காரக் கெய்வி என்னிய ஏற எறங்கப் பாத்துட்டு இன்னா சொல்லுச்சு தெரியுமா..."

குனிந்தார். அவ்வளவுதான்.

இருமல் இல்லை, கத்தல் இல்லை. மீதியைச் சொல்வார் என்று காத்திருந்தேன். ஸ்பேனர் விழுகிற சத்தம்தான் கேட்டது. எட்டிப் பார்த்தால்... தூங்குகிறவர் போலச் சுவரில் சாய்ந்து கிடந்தார்.

நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. கண் எரியாது, மூச்சு முட்டுவது போலவும் தோன்றாது. இருக்கிற காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் இறங்கக் கூடாது என்று டிரெயினிங்கில் சொல்லியிருந்தார்கள். கண்ணால் பார்ப்பேன் என்று நினைக்கவேயில்லை.

"அண்ணா!" என்று நான் கத்தியதும் சேகர் ஓடிவந்தான். ஒரே பார்வை... குழி விளிம்பில் காலை வைத்துவிட்டான். பின்னாலிருந்து அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம்.

"உடு ஸ்டெல்லா! எங்கண்ணன்டி... செத்துருவான், உடு!"

"எறங்குனா நீயும் வுயுந்துருவ சேகரு! யாராச்சும் ஏர் ஹோஸ எட்தாங்க! ஷட்டரத் தூக்குங்க!"

முழங்கையால் என் வாயில் இடித்தான். உதடு கிழிந்தது. விடவில்லை. உயிருக்குப் போராடும் அண்ணனிடம் தம்பியைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன்... நான் நினைப்பது தப்பாக இருந்தால்?

கிரைண்டருக்குப் போகும் ஏர் ஹோஸை இழுத்துவந்து, முழு வேகத்தில் திறந்து, அண்ணன் முகத்துக்கு நேராகக் குழிக்குள் விட்டார்கள். ஷட்டர் மேலே போனது. மழைக்காற்று உள்ளே அடித்தது. புகை கலைந்த பிறகுதான் சேகரை விட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, அண்ணனைத் தூக்கிக் கொடுத்தான். மேலே இருந்த நாங்கள் இழுத்துப் போட்டோம்.

உதடெல்லாம் நீலம். சேகர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஒரு பெரிய மூச்சு... இன்னொன்று... அண்ணன் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"...'வஞ்சிரமா? மூஞ்சியப் பாத்தா மத்தி வாங்குற மூஞ்சியா கீது'ன்னுச்சும்மா."

யாரும் சிரிக்கவில்லை. தான் விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை!

"இன்னாத்துக்குடா அய்வுற?" என்று தம்பியைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது வேறு கம்பெனியில் இதே வேலைதான் செய்கிறேன். குழிக்குள் இறங்குகிற எல்லோர் சட்டையிலும் ஆக்சிஜன் மீட்டர். கொஞ்சம் குறைந்தாலே ஊரைக் கூட்டிவிடும். "பேஜாரு பண்ணுதுக்கா" என்று சலித்துக்கொள்வார்கள். கத்தட்டும் என்பேன்.

போன வாரம் வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் அண்ணன் தம்பி இருவரையும் பார்த்தேன். தாஸ் அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கூட வந்த மருமகளிடம் என்னைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணுதாம்மா... நான் சும்மா கண்ணு அசந்ததுக்கு கம்பெனியவே கூட்டிச்சு!"

மருமகள் சிரித்தாள். குழிக்குள் கிடந்த அந்த நேரம் என்ற ஒன்றே அவருக்குக் கிடையாது. எனக்கும் சேகருக்கும்தான் அது இன்னும் இருக்கிறது.

ஒரு ஷேர் ஆட்டோ உரசுவது போல வந்தது. சேகர் அண்ணன் தோளைப் பிடித்து உள்பக்கமாக இழுத்து நிறுத்தினான். அண்ணன் அதைக் கவனிக்கவேயில்லை... பேசிக்கொண்டே இருந்தார்.