விளக்குக்குக் கீழே ஒட்டிய பெயர்கள்

எண்பதுகளில் பழவேற்காட்டில் ஓர் இறால் கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. கம்பெனிக்குள்ளேயே பேசிக்கொள்ளப் புதிதாக ஒரு டெலிபோன் பெட்டி வந்தது. யாராவது கூப்பிட்டால் மணியடிக்கும், கூப்பிடும் இடத்துக்கான சின்ன விளக்கு அதில் எரியும். எந்த விளக்கு யாருடையது என்று தெரியாமல், முதலாளியாக இருக்குமோ என்ற பயத்தில் மேனேஜர் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து எடுத்து, "சொல்லுங்க சார்" என்பார்.

அவர் படும் பாட்டைப் பார்த்து, விளக்குகளுக்குக் கீழே நான்தான் பெயர் எழுதி ஒட்டினேன்: முதலாளி, ஐஸ் பிளாண்ட், இறால் உரிக்கும் கொட்டகை. அதற்காக எனக்கு ஒரு டீ கிடைத்தது.

ஒருநாள் கொட்டகை விளக்கு விடாமல் எரிந்தது.

"ஐஸ் பத்தலன்னுவாளுங்க. அடிச்சு ஓயட்டும், வுடு" என்றார் மேனேஜர். நானும் விட்டேன்.

மணி ஓய்ந்த பிறகு, இறால் உரிக்கும் பெண் ஒருத்தி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"இன்னா சார், எம்மாம் நேரமா அடிக்கிறோம், காதுல வுழலியா? மாசமா இருக்கிறவ வழுக்கி வுழுந்துட்டா. வேன் குடு சார்!"

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் பிழைத்தாள். வயிற்றில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை.

அன்று சாயங்காலமே பெயர்ச் சீட்டுகளை எல்லாம் கிழித்துப் போட்டேன். என்ன புண்ணியம்? எந்த விளக்கு யாருடையது என்பது அதற்குள் மேனேஜருக்கு மனப்பாடமாகியிருந்தது. எனக்கும்தான்.