கயிற்றில் கட்டிய நம்பர்

மாடு வளர்ப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விற்பது அதைவிடக் கஷ்டம் என்பது விற்கப் போனபோதுதான் தெரிந்தது.

இரத்தோட்டைக்குக் கீழே ஒரு சரிவில் எங்கள் வீடு. கணவருக்குக் கொழும்பில் காவல் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் இரண்டு பசுக்களும் நானும்தான். விடிவதற்கு முன் பால் கறந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் புல்லறுக்கச் சரிவில் ஏற வேண்டும். முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஏறி இறங்கக்கூடாது" என்றார். ஏறி இறங்காமல் எங்கள் பக்கத்தில் யாரால் இருக்க முடியும் என்று கேட்க வாய்வரை வந்தது. செவலைப் பசுவை விற்றுவிடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

வாங்க வந்தவர் பல்லேபொலப் பக்கத்து முஸ்லிம் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுப் பாலுக்கு மாடு தேடிக்கொண்டிருந்தார். இறைச்சிக்கு வாங்குகிறவர்கள் கூடுதலாகக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. நானா பசுவின் முதுகைத் தடவிப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார், பேரம் பேசவில்லை. "பேப்பர் எல்லாம் சரியா இருக்கணும் அக்கா, அது மட்டும்தான்" என்றார்.

அந்தப் பேப்பருக்குத்தான் நான் அலைந்தேன். மாடு விற்க வேண்டுமென்றால் முதலில் நான் மாடு வளர்ப்பவள் என்ற பதிவு நடப்பில் இருக்க வேண்டுமாம். இரண்டு வருடமாக அதைப் புதுப்பிக்கவில்லை. பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். கட்டணம் சின்னதுதான். ஆனால் கிராம சேவகரின் கடிதம் ஒரு நாள், போட்டோ கொப்பி ஒரு நாள், பணம் கட்டிய ரசீதுத் துண்டை மிருக வைத்தியர் காரியாலயத்தில் கொடுக்க ஒரு நாள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நாலாவது தடவை போனபோது பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிவிட்டேன்.

காரியாலயத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பசுவைப் பார்த்து, காதில் குத்தியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையின் நம்பரை எழுதிக்கொண்டு போனார். மாட்டை லொறியில் கொண்டுபோவதற்கான பர்மிட் வாங்கப் போன அன்று அங்கிருந்த பெண், "நம்பரை மட்டும் கவனமா வச்சுக்கங்க. அது தொலைஞ்சா மாடே தொலைஞ்ச மாதிரி" என்று சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னாள். நல்ல பிள்ளை. அவள் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். அதுதான் பிறகு வினையாகிவிட்டது.

விற்பதற்கு மூன்று நாள் இருக்கும்போது பசு முள்ளுக்கம்பி வேலியில் தலையை விட்டு இழுத்ததில் காது கிழிந்து, நம்பர் வேலியடியில் கிடந்தது. புது நம்பருக்கு மறுபடி ஒரு படிவம், மறுபடி ஒரு கட்டணம், மறுபடி இரண்டு பஸ். நினைத்தாலே உடம்பு சோர்ந்தது. காதுக்கு மஞ்சளும் எண்ணெயும் போட்டுவிட்டு, நம்பரைக் கழுவி, ஒரு கம்பித்துண்டால் பசுவின் கழுத்துக் கயிற்றிலேயே இறுக்கிக் கட்டிவிட்டேன். காதில் இருந்தால் என்ன, கழுத்தில் இருந்தால் என்ன, நம்பர் மாட்டோடுதானே இருக்கிறது என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நானா லொறியோடு வந்தார். நம்பர் கழுத்துக்கு வந்த கதையைச் சொன்னேன், தலையாட்டினார். கையில் புதுக் கயிறு வைத்திருந்தார். மாட்டை விற்றாலும் கட்டின கயிற்றை விற்கக்கூடாது, கயிறு போனால் பட்டியே போய்விடும் என்பது எங்கள் வழக்கம். நான் சொல்வதற்கு முன்பே அவர், "பழைய கயிறு ஒங்களுக்குத்தான் அக்கா, எனக்குத் தெரியும்" என்றார். புதுக் கயிற்றைப் போட்டுவிட்டுப் பழையதைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டினேன். ஆனையை விற்றுவிட்டு அங்குசத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கதைதான். நம்பர் அந்தக் கயிற்றில் இருந்தது. அவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. லொறி போன பிறகு, இனி ஒரு மாட்டுக்குப் புல்லறுத்தால் போதும் என்று வாசற்படியில் உட்கார்ந்தேன்.

பதினொரு மணி போல ஃபோன் வந்தது. பொலிஸ் என்றார்கள். பேசியவர் வேகமான சிங்களத்தில் பர்மிட்டில் இருந்த நம்பரை வாசித்து, "இது உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். ஆணியில், கயிற்றில், மஞ்சளாக அது தொங்கியது. அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. தொலைத்துவிட்டேனா என்று சோதிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "இருக்கிறது மாத்தயா, பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சரி என்று ஃபோனை வைத்துவிட்டார்.

அவர் கேட்டது மாட்டை. நான் சொன்னது நம்பரை.

ஒரு மணிக்கு நானாவின் மனைவி ஃபோனில் அழுதாள். "மாட்டுட காதுல நம்பர் இல்லன்னு வழியில பொலிஸ் லொறிய மறிச்சிட்டாங்க அக்கா. அந்த நம்பர் மாடு ஒங்ககிட்டயே ஈக்கிதாமே? அப்ப லொறில ஈக்கிறது யாருட மாடுன்னு கேக்குறாங்க. மாட்டைக் களவெடுத்து வேறொரு பர்மிட்டுல கொண்டுபோறார்னு இவரைப் பிடிச்சு வச்சீக்கிறாங்க." அப்போதுதான் எனக்கு விளங்கியது. கயிற்றை ஆணியிலிருந்து உருவிக்கொண்டு, சேலையைக்கூட மாற்றாமல் ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன். நொண்டினேன் என்பதுதான் சரி.

மாத்தளையில் பஸ் மாறி, நானாவை வைத்திருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. செவலைப் பசுவை வாசல் மரத்தில் கட்டியிருந்தார்கள். நானா உள்ளே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் இருந்ததெல்லாம் மேசையில் பரப்பிக் கிடந்தது, தொப்பியும்கூட. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் கயிற்றை மேசையில் வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ் பெரியவர் நம்பரைப் பர்மிட்டோடு ஒத்துப் பார்த்தார், வெளியே போய்க் காதின் காயத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, "மாட்டை விற்றுவிட்டுக் கயிற்றை ஏன் வைத்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். வழக்கம் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். நானாவைப் போகச் சொன்னார்கள்.

லொறிக்காரன் வேறு வாடகைக்குப் போய்விட்டிருந்தான். நானாவின் வீடு இன்னும் இரண்டு கட்டைத் தூரம். அவர் இழுத்தால் பசு நகரவில்லை, நான் முன்னால் நடந்தால் வந்தது. ஆகவே விற்ற மாட்டுக்கு நானே வழித்துணையாகப் போனேன். வழியில், "மன்னிச்சுக்கங்க நானா" என்றேன். "நீங்க வேணும்னு செஞ்சீங்களா" என்றார். ரோட்டோரக் கடைகளில் ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கடையில் யாரோ ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நானா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டு வாசலில் அவர் மனைவி மாட்டைப் பார்க்கவில்லை. கணவரின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அடித்தார்களா என்று. பிறகு எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இவரைப் பொலிஸ்ல வச்சீந்ததைக் கடைத்தெருவுல எல்லாரும் கண்டாங்க. மாட்டுக் கள்ளன்னு செல்றாங்க. பொலிஸ்ல செல்லினது பொலிசோட போச்சு. போற வழியில ஈக்கிற கடையில ஏறி, ஒங்கட வாயால ஒரு சொல்லு செல்லிட்டுப் போங்களேன்."

நேரம் ஐந்தரை. மாத்தளையிலிருந்து எங்கள் பக்கம் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வீட்டில் மற்றப் பசு கறக்காமல் நின்றது. கால் இரண்டும் என்னுடையவை போலவே இல்லை. அந்தக் கடையில் ஏறி, சிரித்துக்கொண்டிருக்கும் ஆம்பளைகளுக்கு முன்னால், நம்பர், கயிறு, ஆணி, ஃபோன் என்று இன்னொரு முறை சொல்லத் தெம்பில்லை எனக்கு.

"அடுத்த கிழமை வர்றேன் தங்கச்சி. வந்து எல்லாருக்கும் சொல்றேன்" என்றேன். அவள் நம்பினாள். நானா முற்றத்தில் பசுவைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கடையைத் தாண்டும்போது முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. முழங்கால், மழை, புல், பஸ், ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்று இருந்தது. இந்த வருடம் பதிவைப் புதுப்பிக்கக் காரியாலயத்துக்குப் போயிருந்தபோது வரிசையில் பல்லேபொலக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் நின்றார். பேச்சோடு பேச்சாக அந்த நானாவைப் பற்றிக் கேட்டேன்.

"யாரு, மாட்டுக் கள்ளனா?" என்றார் அவர், சாதாரணமாக. "அங்கதான் இருக்கார்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து நின்ற களைப்பு. போய்க் கட்டணத்தைக் கட்டினேன்.