சாம்பலில் பதிந்த கால்

கூப்பன் அரிசிக் காலத்தில் எங்கள் வீட்டு அரிசிப் பானை கணக்குத் தவறிக் குறையத் தொடங்கியது. வெள்ளைக்காரனின் சண்டை முடியும்வரை அளந்துதான் தின்ன வேண்டும் என்றிருந்த நாட்கள். எட்டு வயதுக்காரியான எனக்கு இருப்பே கொள்ளவில்லை. நாளுக்குப் பத்துத் தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன்.

"எலிதான்" என்றார் வாப்பா. சொன்னதோடு நிற்கவில்லை. கூரையைத் தொட்ட தென்னோலைகளை வெட்டினார்; மரத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்; சுவர் ஓட்டைகளில் போத்தல் ஓடுகளைத் திணித்துக் களிமண்ணால் பூசினார். மண் குழைத்துக் கொடுத்தவள் நான். அப்படியும் அரிசி குறைந்தது. எலி என்றால் ஒரு புழுக்கையாவது கிடக்க வேண்டாமா?

வேலிக்கு அந்தப் பக்கம் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, இருந்தாள். மீன்வலைப் பங்கில் வாப்பாவோடு சண்டை பிடித்த அவள் புருஷன், சாச்சா, கூப்பன் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு மன்னார்ப் பக்கம் போய்விட்டார். புத்தகம் இல்லாமல் கடையில் அரிசி கிடைக்காது; கைக்குழந்தைக்குக் கொடுக்கச் சாச்சியிடம் பால்கூட இல்லை.

"அந்த வீட்டுக்கு ஒரு மணி அரிசி போகப்படாது. போனா, இந்த வீட்டுல நான் சோறு தின்ன மாட்டன்" என்று வாப்பா அல்லாஹ் மேல் சத்தியம் செய்திருந்தார். சத்தியத்தை மீறுகிற ஆள் இல்லை அவர்.

ஒருநாள் பொழுது சாய்ந்த மஃரிபுத் தொழுகை நேரம், யாருக்கும் சொல்லாமல் பானையைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவினேன். எலியின் கால் பதிந்தால் வந்த வழி தெரிந்துவிடுமல்லவா? விடிந்ததும் ஓடினேன். சாம்பலில் இருந்தது, சுண்டுவிரல் விலகி நிற்கும் ஒரு பாதம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வாப்பா, எலி இல்ல! உம்மாட கால்!"

வாப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் காலாலேயே சாம்பலை அழித்தார்.

"பெருச்சாளி, மகள். அதுட கால் இப்படித்தான் இரிக்கும். இனி நீ சாம்பல் போட வேணாம்."

"இல்ல வாப்பா, உம்மாட..."

"பெருச்சாளி எண்டு சொன்னேனே!"

என்ன அநியாயம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு கதைக்கவே இல்லை.

அன்று பகல் வாப்பா சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு கேட்டார். வயிறு சரியில்லையாம். மறுநாளும் கேட்டார். மாசக்கணக்காக அந்த வயிறு சரியாகவில்லை. அவருக்குக் கிழங்கு அவிக்கும்போதெல்லாம் உம்மா அடுப்புக்கு முன்னால் இருந்து அழுவாள். அதற்குள் நானும் வாப்பா சொன்னதை நம்பிவிட்டிருந்தேன்; பெருச்சாளி இன்னும் பிடிபடவில்லையே என்ற கவலை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.